சந்திராதித்தவரையும் இருபத்தைந்து ஆண்டும்

ஓரிடத்துக்கு ஆண்டுதோறும் வந்துபோக விரும்புகிறவரிடம் பணம் வாங்க இரண்டு வழிகள் உண்டு. பெருந்தொகையை ஒரே தடவையில் பெற்றுக்கொண்டு, ஆண்டில் இத்தனை நாள் என்ற உரிமையைப் பல ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுப்பது ஒன்று. ஒவ்வொரு வருகைக்கும் தனித்தனியே சீட்டு விற்று, கூட்டத்துக்கும் காலத்துக்கும் தக்கபடி விலையை ஏற்றியும் சலுகை தந்து இறக்கியும் வைப்பது மற்றொன்று. முன்னதைச் சுற்றுலாத் தொழில் விடுமுறை உரிமை உறுப்பினர் திட்டம் என்றும், பேச்சு வழக்கில் டைம்ஷேர் என்றும் அழைக்கிறது. பின்னதற்குக் கேளிக்கைப் பூங்காக்களின் ஒருநாள் சீட்டும் ஆண்டுப் பாஸும் எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டுகள். இவற்றுள் எது குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் என்ற கணக்கு கடந்த அறுபது ஆண்டுகளில் பிறந்ததுபோலத் தோன்றினாலும், பழைய சித்தூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், திருமலையிலும் அதன் அடிவாரமான திருப்பதியிலும், அதற்கு நெருங்கிய ஒரு கணக்கு ஆயிரம் ஆண்டுகளாகப் போடப்பட்டு வருகிறது. வழிபாட்டையும் கேளிக்கையையும் ஒரே தட்டில் வைப்பது இங்கு நோக்கமன்று; பணமும் உரிமையும் காலமும் ஒன்றோடொன்று எவ்வாறு முடிச்சிடப்பட்டன என்பதற்கு இம்மலையைப்போல நீண்ட ஆவணத் தொடர் உள்ள இடம் தென்னாட்டில் அரிது என்பதே இதை எடுத்துக்கொள்ளக் காரணம்.

அந்த ஆவணத் தொடர் கல்லில் உள்ளது. திருமலை, திருப்பதி, திருச்சானூர்க் கோயில்களின் சுவர்களிலும் மண்டபங்களிலும் வெட்டப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் படியெடுத்து, தேவஸ்தானத்தின் தொல்லியலாளராயிருந்த சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோர் 1930களில் பல தொகுதிகளாக வெளியிட்டனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தெலுங்கு பேசும் அரசர்களும் படைத்தலைவர்களும் தந்த கொடைகளும்கூடத் தமிழிலேயே பதிவாயின. கோயில் கணக்கு தமிழில் நடந்ததே அதற்குக் காரணமாகலாம். அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960ஆம் ஆண்டளவில் வெளியிட்ட ஆய்வுகளும், அர்ஜுன் அப்பாதுரை 1977இல் எழுதிய கட்டுரையும், தி. கி. த. வீரராகவாசாரியார் 1950களில் எழுதிய திருப்பதி வரலாறும் இக்கல்வெட்டுகளின் மேல் எழுந்தவையே.

கொடைகளின் மிகப் பழைய வடிவம் விளக்கு. பல்லவர், சோழர் காலத் தமிழ்நாடு முழுவதும் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாது எரியும் விளக்கு, வைக்க விரும்பியவர் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்படைப்பார். இடையர் நாளொன்றுக்குக் குறித்த அளவு நெய் அளந்துகொண்டிருக்க வேண்டும். ஆடுகள் செத்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை நிரம்பிக்கொண்டேயிருக்கும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். முதல் அழியாது, பயன் மட்டும் ஆண்டுதோறும் வரும் என்ற எண்ணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது. ஆட்டுக்குப் பதிலாகப் பொன் கொடுத்தவரும் உண்டு; திருச்சானூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பொன் முதலாக வைத்து விளக்கெரிக்கச் செய்த கொடை பதிவாகியிருக்கிறது. திருமலையில் வெள்ளித் திருமேனியொன்றை எழுந்தருளச் செய்து, அதன் விழாவுக்கு நிலம் வாங்கி விட்ட சாமவை என்னும் பல்லவ அரசியின் கொடையை 614ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகத் தேவஸ்தான மரபு சொல்லும். எழுத்தமைதியைக் கொண்டு கல்வெட்டறிஞர் பலர் அதைப் பத்தாம் நூற்றாண்டுக்கு இறக்குவர். எக்காலமாயினும், அரசிக்கு அதனால் கிடைத்தது புண்ணியமும் பெயரும்; அவருக்கென ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் பின்னாளில்தான் தெளிவாகத் தலைகாட்டுகிறது.

விசயநகர ஆட்சியின்போது, சிறப்பாகப் பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில், அப்பங்கு ஒரு நிலைத்த நிறுவனமாயிற்று. அதன் பெயர் விட்டவன் விழுக்காடு. விட்டவன் என்றால் கொடை விட்டவன், விழுக்காடு என்றால் அவனுக்கு விழும் பங்கு. கொடையாளர் ஒருவர் கோயிற் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் இத்தனை நற்பணம் கட்டுவார், அல்லது ஓர் ஊரை விடுவார். கோயிலை நிருவகித்த தானத்தார் அப்பணத்தைக் கோயிலுக்குச் சொந்தமான ஊர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் செலவிடுவர்; திருத்திய நீரால் கூடுதலாக விளைந்த நெல்லிலிருந்து கொடையாளர் குறித்த நாட்களில் குறித்த படையல் நடக்கும். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒன்று விட்டவனைச் சேரும். எஞ்சிய முக்கால் பங்கு பன்னிரண்டு நிர்வாகம் எனப்பட்ட கோயில் உரிமையாளர்களுக்கும், ஓதுவார், பரிசனங்கள் முதலானோருக்கும் முறைப்படி பிரிக்கப்படும்.

இத்தகைய கல்வெட்டு ஒன்றைப் படிக்கும்போது பக்திப் பாசுரத்தைவிடப் பத்திர அலுவலக நகலே நினைவுக்கு வரும். முதலில் சகாப்தம், வியாழவட்டத்து ஆண்டின் பெயர், மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் என நாள் அறுதியிடப்படும். அடுத்து, திருமலைத் தானத்தார் இன்னாருக்குச் சிலாசாசனம் பண்ணிக் கொடுத்தபடி என்று இருதரப்பும் பெயர் சொல்லப்படும். பிறகு கட்டிய தொகை, அது இறங்கும் கால்வாய், நடக்க வேண்டிய திருப்போனகம் என்னும் அமுதுபடி, அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, மனோகரப்படி என்ற பணிகாரங்கள், அவற்றுக்கு அளக்க வேண்டிய அரிசி, நெய், பயறு, உப்பு, மிளகு, தயிர், கறியமுது, இலையமுது, அடைக்காயமுது, சந்தனம் என ஒவ்வொன்றும் அளவோடு வரும். அளக்கும் மரக்காலும் பெயர் குறிக்கப்படும்; எந்தக் காலால் அளப்பது என்பதில் சந்தேகம் வந்தால் நூறாண்டுக்குப் பிறகு பங்கு சுருங்கிவிடும் அல்லவா? இறுதியில், இந்த ஏற்பாடு சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் ஆதித்தனும் உள்ள வரையில், கொடையாளரின் சந்ததிப் பரம்பரையாகச் செல்லக் கடவது என முடித்து, கோயில் கணக்கு திருநின்ற ஊருடையான் கையெழுத்திடுவார். இன்றைய விடுமுறைத் திட்ட விற்பனைப் பிரதிநிதி நம் நாட்டில் பெரும்பாலும் இருபத்தைந்து ஆண்டுக்கே வாக்குக் கொடுக்கிறார்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கத்தக்க கூறு, பங்கு கைமாறத்தக்கதாக இருந்ததே. கொடையாளர் தம் கால்பங்கைத் தாமே வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. மகனுக்கு விடலாம், குருவுக்கு விடலாம், மடத்துக்கு எழுதி வைக்கலாம், விலைக்கும் கொடுக்கலாம். சந்திரகிரியை இருப்பிடமாகக் கொண்டு பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதிகாரம் செலுத்திய சாளுவ நரசிம்மர் தாம் வைத்த படையல்களின் விட்டவன் விழுக்காட்டை இராமாநுசகூடங்களுக்குத் திருப்பிவிட்டார். இராமாநுசகூடம் என்பது வழிநடந்து வரும் வைணவ யாத்திரிகருக்குச் சோறிடும் கூடம். அவற்றின் நிருவாகம் கந்தாடை இராமாநுசையங்கார் என்பவரிடம் இருந்தது. அரசியல் தலைவரின் பெருங்கொடை, ஆசாரியரின் கைவழியாகத் தெருவில் வந்தவனின் இலையில் சோறாக விழுந்தது என்றால், இடையில் அதைத் தாங்கி நின்றது கைமாறும் தன்மையுள்ள அந்தக் கால்பங்குதான். அப்பாதுரை தம் கட்டுரையில் கந்தாடை இராமாநுசையங்காரை அரசனுக்கும் கோயிலுக்கும் சமயக் குழுவுக்கும் நடுவே நின்ற இணைப்பாளராகக் காட்டுவது இதனாற்றான்.

கொடையாளர் வரிசையும் ஒரே தரத்ததன்று. 1513க்கும் 1521க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்து, 1518இல் விமானத்துக்குப் பொன் வேய்வித்த கிருஷ்ணதேவராயர் அதில் உண்டு. அவருடைய தேவியர் உண்டு. தாளப்பாக்கம் அன்னமாசாரியரின் மகனான பெரிய திருமலாசாரியரும், ஜீயர்களும், வணிகரும், எம்பெருமானடியார் எனப்பட்ட கோயிற் பெண்டிரும் உண்டு. தம் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில், தாம் வைத்த தோப்பில், தாம் கட்டிய மண்டபத்தில் பெருமாள் எழுந்தருளும்போது படையல் நடக்கட்டும் எனக் கொடையாளர் நாளையும் இடத்தையும் தெரிந்தெடுத்தனர். ஆண்டின் நாட்கள் இவ்வாறு ஒவ்வொன்றாக நிரம்பின. அன்றாடம் படைத்த பிரசாதம் கோயிலார் உண்டு தீர்க்கக்கூடிய அளவைத் தாண்டிற்று. உரியவர்கள் தம் பங்கை விற்க, வாங்கியவர்கள் யாத்திரிகருக்கு விற்கும் வழக்கம் தழைத்தது. ஆகவே ஒரே அப்பத்தைச் சுற்றி இருவகைக் கணக்கும் அக்காலத்திலேயே அக்கம்பக்கமாக இருந்தன. சந்ததிப் பரம்பரைப் பங்காளிக்கு அது வருவாய். அன்றைக்கு மலையேறி வந்தவனுக்கு அது காசு கொடுத்து வாங்கிய பண்டம். பங்காளியின் பரம்பரை உரிமைக்கு உயிர் கொடுத்தது யாத்திரிகனின் அன்றாடக் காசுதான் என்பது இன்றைய விடுமுறை விடுதிகளின் கணக்கிலும் கவனித்தால் தெரியும்.

ஸ்டைனின் ஆய்வு இங்கேதான் பயன்படுகிறது. கொடைப் பணம் பெட்டியில் உறங்கவில்லை, வறண்ட நிலத்தில் நீராகப் பாய்ந்தது என்று அவர் காட்டினார். சித்தூர்ப் பகுதி பெரும் ஆறுகளற்ற, ஏரிப் பாசனத்தை நம்பிய நாடு. சொர்ணமுகி மழைக்காலத்தில் மட்டுமே ஆறு என்ற பெயரைக் காப்பாற்றும். அத்தகைய நிலத்தில் ஏரி வாய்க்காலைத் திருத்தும் முதலீடு விளைச்சலை உடனே உயர்த்தும். விட்டவன் விழுக்காட்டின் பின்னால் கண்ணால் காணத்தக்க ஒரு கால்வாய் இருந்தது. உறுதிமொழியின் வலிமை அந்தக் கால்வாயின் வலிமையே.

கால்வாய் கைவிட்டுப்போனபோது உறுதிமொழியும் போயிற்று. 1565க்குப் பின் விசயநகரம் சுருங்கி, பீஜப்பூர், கோல்கொண்டா, மொகலாயர், ஆற்காட்டு நவாபு எனச் சீமை கைமாற, கோயிலூர்களில் பெரும்பகுதி கோயிலின் பிடியிலிருந்து நழுவியது. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாபு திருமலைக் கோயிலின் வருமானத்தையே குத்தகைக்கு விட்டார். 1750களின் போர்க்காலத்தில் அவ்வருமானம் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குக் கடனுக்கு ஈடாக ஒதுக்கப்பட்டு, அதைக் கைப்பற்ற மலையடிவாரத்தில் சண்டைகளும் நடந்தன. சந்திரனும் சூரியனும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருக்க, அவற்றைச் சாட்சி வைத்த படையல்கள் மட்டும் ஒன்றொன்றாக நின்றன. கல்வெட்டு சுவரில் அப்படியே இருந்தது; அதைக் காட்டி அப்பம் கேட்க முடியவில்லை.

1801இல் சீமை கம்பெனியாரிடம் வந்தபின் கோயில் வடஆற்காட்டுக் கலெக்டரின் பொறுப்பில் வந்தது. அம்மாவட்டத்தின் தலைநகர் அப்போது சித்தூர்; ஆகவே மலைமேல் நடந்த ஒவ்வொரு படையலுக்கும் சித்தூர்க் கச்சேரியில் கணக்கு எழுதப்பட்ட நாட்கள் அவை. 1803இல் கலெக்டர் ஸ்ட்ராட்டன் கோயிலின் வரவு செலவு, பணியாளர், உரிமைகள் ஆகியவற்றைப் பற்றி அறிக்கை அனுப்பினார். 1821இல் வகுக்கப்பட்ட புரூஸ் விதித்தொகுப்பு எவருக்கு என்ன கடமை, என்ன பங்கு என்பதை விதிவிதியாக அறுதியிட்டது. இந்நிருவாகத்தின் கண் விழுந்தது ஊர்களின் விளைச்சலின்மேல் அன்று. யாத்திரிகரின் காணிக்கையின் மேலும், ஆர்ஜிதம் எனப்பட்ட கட்டண வழிபாட்டின் மேலுமே. ஆர்ஜித சேவை என்பது பக்தர் பணம் கட்டித் தம் பெயரில் நடத்திக்கொள்ளும் வழிபாடு. ஒருநாள் கட்டினால் ஒருநாள் நடக்கும், அத்துடன் கணக்குத் தீர்ந்தது. கோயிலின் வரவு நிலத்திலிருந்து வருகைக்கு, பங்கிலிருந்து சீட்டுக்கு மாறிய திருப்பம் இது. 1843இல் கம்பெனி சமய நிறுவனங்களிலிருந்து விலகிக்கொண்டபோது நிருவாகம் ஹாதிராம்ஜி மடத்தின் தலைவரான மகந்து சேவாதாசிடம் ஒப்படைக்கப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகள் மகந்துகள் விசாரணைகர்த்தராயிருந்தனர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1932இல் சென்னை மாகாணச் சட்டத்தால் தேவஸ்தானக் குழு பிறந்து அடுத்த ஆண்டு பொறுப்பேற்றது. 1944இல் முதல் மலைச்சாலை திறந்தபின், அலிபிரியிலிருந்து படியேறியும் டோலியில் தூக்கப்பட்டும் வந்த கூட்டத்தோடு மோட்டார் வண்டிக் கூட்டமும் சேர்ந்தது.

இவ்விடத்தில் உலகத்தின் பிற பகுதியைச் சற்று நோக்கலாம். 1963இல் சுவிட்சர்லாந்தில் ஹாப்பிமாக் என்ற நிறுவனமும், அடுத்து பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதியும், அறையை நாள் வாடகைக்கு விடுவதற்குப் பதிலாக ஆண்டில் ஒரு பகுதியை உரிமையாக விற்கத் தொடங்கின. 1974இல் அமெரிக்காவில் தோன்றிய ஆர்.சி.ஐ. நிறுவனம், ஓரிடத்தில் வாங்கிய வாரத்தை வேறோரிடத்து வாரத்துக்கு மாற்றிக்கொள்ள வழிசெய்தது. கைமாறாத பங்குக்கு மதிப்புக் குறைவு என்பதைத் தொழில் பத்தே ஆண்டில் கற்றுக்கொண்டது. இந்தியாவில் இத்தொழிலின் பெரிய பெயர்கள் இரண்டும் சென்னையில் வேர்விட்டவை: 1986இல் தொடங்கிய ஸ்டெர்லிங் கொடைக்கானல் விடுதியோடு வளர்ந்தது, 1996இல் பதிவான மகிந்திரா ஹாலிடேஸ் மூணாறில் முதல் விடுதியைத் திறந்தது. பின்னதன் கிளப் மகிந்திரா உறுப்பினர் திட்டம் ஆண்டுக்கு ஏழு நாள் என இருபத்தைந்து ஆண்டு உரிமை தந்து, ஆண்டின் வாரங்களை நெருக்கடிக்கேற்பப் பர்ப்பிள், சிவப்பு, வெள்ளை, நீலம் எனப் பிரித்தது. சேரும் தொகைக்கு மேல் ஆண்டுச் சந்தாவும் உண்டு. கேளிக்கைப் பூங்காத் தரப்பில், 1955இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாந்து ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி எழுத்திட்ட சீட்டுப் புத்தகம் விற்று, 1982இல் அதைக் கைவிட்டு ஒரே நுழைவுச் சீட்டுக்கு மாறியது. 1991இல் அதே நிறுவனம் தன் விடுமுறை உரிமைக் கழகத்தையும் தொடங்கி, பூங்காவுக்கு வருகிறவரையே பங்காளியாக்கியது. சீட்டும் பங்கும் ஒரே கூரையின் கீழ் வந்த இந்தக் கதை, திருமலைக் கல்வெட்டுகளைப் படித்தவருக்குப் புதிதாயிராது.

திருமலையில் சீட்டு முறை 1980களிலிருந்து படிப்படியாக அதன் முழு உருவத்தை அடைந்தது. வைகுண்டம் வரிசை வளாகம் என்ற கட்டடத்தில் கூட்டம் அறை அறையாக அடைக்கப்பட்டு, காத்திருப்போருக்குப் பாலும் உணவும் கொடுத்து, ஓர் அறை காலியாக மறு அறை திறக்கும் ஏற்பாடு வந்தது. கட்டணமற்ற சர்வதரிசனம், 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவு, முக்கியப் பிரமுகருக்கான பிரேக் தரிசனம் என வரிசைகள் பிரிந்தன. மூத்தோர், கைக்குழந்தையுடன் வருவோர், படியேறி வருவோர் ஆகியோருக்குத் தனி வழிகளும் காலந்தோறும் திறந்து மூடின. மணிக்கட்டில் பட்டை கட்டி, இன்ன நேரத்துக்கு வரிசைக்கு வந்தால் போதும் எனக் கூறும் சுதர்சன முறை இங்கு நடைமுறைக்கு வந்ததும், 1999இல் டிஸ்னி தன் பூங்காக்களில் நேரங்குறித்த பாஸ் கொடுக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரே காலம். ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. பெருங்கூட்டத்தை ஒரே வாயிலில் விடவேண்டியவர் எவராயினும் ஏறக்குறைய இதே விடைக்குத்தான் வந்துசேர்வர்.

அதே பத்தாண்டுகளில் பழைய விட்டவன் விழுக்காடும் புதிய உடையில் திரும்பியது. 1985 ஏப்ரலில் அன்றைய ஆந்திர முதலமைச்சர் என். டி. ராமராவ் தொடங்கிவைத்த நித்திய அன்னதானத் திட்டத்தில், நன்கொடைகளை வைப்பாக இட்டு வட்டியில் சோறிடுவது முறை. கால்வாய் இருந்த இடத்தில் வங்கி வந்தது என்பதைத் தவிர இராமாநுசகூடத்திலிருந்து அது வெகுதூரம் விலகவில்லை. பெருந்தொகை தருவோர் தம் பிறந்தநாளையோ பெற்றோர் நினைவு நாளையோ தெரிந்தெடுத்து அன்றைய உணவைத் தம் பெயரில் நடத்தலாம். கொடையாளர் பெயர் கூடத்துப் பலகையில் தோன்றும். ஒரு லட்ச ரூபாயும் அதற்கு மேலும் அறக்கட்டளைகளுக்குத் தருவோருக்கு ஆண்டில் குறித்த நாள் தரிசனம், தங்கும் அறை, லட்டு ஆகியவை வழங்கப்படுகின்றன. 2019இல் நடைமுறைக்கு வந்த ஸ்ரீவாணி அறக்கட்டளைத் திட்டம் இதன் மிகச் சுருங்கிய வடிவம்: 10,000 ரூபாய் நன்கொடையும் 500 ரூபாய்ச் சீட்டும் கொடுத்தால் ஒருமுறை பிரேக் தரிசனம், நன்கொடை என்ற பெயரைக் கழித்துப் பார்த்தால் அது ஒருநாள் சீட்டே.

இவற்றுள் டைம்ஷேருக்கு மிக நெருங்கியது உதயாஸ்தமன சேவை. விடியலில் சுப்ரபாதம் தொடங்கி இரவு ஏகாந்த சேவை வரை ஒருநாளின் வழிபாடுகளில் கலந்துகொள்ளும் உரிமை அது, ஆண்டுக்கு ஒருமுறை. தொடக்கத்தில் மிகக் குறைந்த தொகைக்கே கிடைத்த இவ்வுரிமை, 2022 பிப்ரவரியில் காலியாயிருந்த 531 இடங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, சாதாரண நாளுக்கு 1 கோடி ரூபாய், அபிஷேகம் நடக்கும் வெள்ளிக்கிழமைக்கு 1.5 கோடி ரூபாய் என்று விலை பெற்றது. காலம் 25 ஆண்டுகள், தொகை திருப்பதியிலுள்ள பத்மாவதி குழந்தைகள் மருத்துவமனைக்கு.

கணக்குப் போட்டுப் பார்த்தால், வட்டியை விட்டுவிட்டாலும் ஒரு வருகை 4 லட்சம், வெள்ளியென்றால் 6 லட்சம். அந்த 1 கோடியை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டியில் வைத்தவர் ஆண்டுதோறும் 7 லட்சம் பெறுவார். முதலும் அவரிடமே இருக்கும். நால்வர் கொண்ட குடும்பம் ஒவ்வோர் ஆண்டும் ஸ்ரீவாணி வழியே சென்றால் இன்றைய விலையில் ஆண்டுக்கு 42,000 ரூபாய், 25 ஆண்டுக்கு 10.5 லட்சம், 300 ரூபாய்ச் சீட்டில் சென்றால் அதே 25 ஆண்டுக்கு மொத்தமே 30,000 ரூபாய். விலை ஏறும் என்பது உறுதி. எனினும் 300 ரூபாய் முந்நூறு மடங்குக்கும் மேல் ஏறினால்தான் பங்காளிக்குக் கணக்கு நேராகும். பெறுவது ஒரே பொருளன்று, ஒருவர் நாள் முழுதும் உள்ளிருக்க மற்றவர் சில நொடிகளே கருவறை முன் நகர்கிறார் என்பதும், தந்த பணம் குழந்தைகளின் இதய சிகிச்சைக்குப் போகிறது என்பதும் மெய்யே. கொடையாகக் கொள்பவர் இந்தக் கணக்கைப் போடமாட்டார். முதலீடாகக் கொள்பவருக்கு இது ஒருபோதும் கட்டுப்படியாகாது. விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டங்களைப் பற்றியும் ஏறத்தாழ இதையே சொல்லலாம், அங்கே மருத்துவமனை இல்லை என்பதைக் கூட்டிக்கொண்டு.

பழைய பங்குக்கும் புதிய பங்குக்கும் உள்ள ஆழமான வேறுபாடு விலையிலன்று. சாளுவ நரசிம்மர் தம் கால்பங்கை எவருக்கும் விடலாம். இன்றைய சேவை உரிமை பெயருக்கும் அடையாள அட்டைக்கும் பூட்டப்பட்டது, விற்க முடியாது. கறுப்புச் சந்தையைத் தடுக்க இது வேண்டியதே. ஆனால் இயலாமற்போன முதியவருக்கு அவ்வுரிமை பயனற்றுப் போவதும் இதனால்தான். மேலும், பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி போன்ற பெருநாட்களில் கொடையாளர் சலுகைகளும் பிரேக் தரிசனமும் நிறுத்திவைக்கப்படுகின்றன; பர்ப்பிள் வாரத்தில் நீல உறுப்பினருக்கு அறை கிடைக்காததை ஒத்த நிலை. பதினாறாம் நூற்றாண்டுக் கொடையாளரோ அதே பெருநாட்களைத் தேடித்தேடித் தம் படையலுக்கு எழுதி வாங்கினார்.

பரம்பரைப் பங்குகளில் கடைசியாக எஞ்சியிருந்தது அர்ச்சகர் முதலானோரின் மிராசு. பிரசாதத்திலும் வருவாயிலும் குடிவழியாகப் பங்கு பெறும் அவ்வுரிமையை ஆந்திரப் பிரதேசத்தின் 1987ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் ஒழித்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. 51 லட்டுகள் கொண்டது ஒரு படி என்றும், அதற்குச் சேர வேண்டிய கடலைமாவு, சர்க்கரை, நெய் ஆகியவற்றின் அளவு திட்டம் என்றும் மடைப்பள்ளியில் இன்றும் கணக்கு உண்டு; அப்பப்படிகளின் காலத்து அளவை முறை தங்கிவிட்டது, அதைப் பங்கிட்ட பரம்பரைகள் விலகிவிட்டன. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டு, வேண்டுவோருக்கு 50 ரூபாய்க்கு விற்கப்படுகிறது.

முன்கூட்டிப் பணம் கட்டிய உரிமை வாக்களித்த நாளில் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி அண்மையில் வழக்காகவே வந்தது. வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் பெருமாளுக்குச் சாத்தும் மேல்சாட்டு வஸ்திர சேவைக்குச் சேலத்தைச் சேர்ந்த பக்தர் ஒருவர் 2006இல் 12,250 ரூபாய் கட்டிப் பதிவுசெய்திருந்தார். அவருக்குக் கிடைத்த நாள் 2020 ஜூலையில், பதினான்கு ஆண்டு கழித்து. அந்த நாள் பெருந்தொற்றுக் காலத்தில் விழுந்து சேவை ரத்தாயிற்று. பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது பிரேக் தரிசனம் செய்யலாம் எனத் தேவஸ்தானம் கூறியதை அவர் ஏற்கவில்லை. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022இல், ஓராண்டுக்குள் அச்சேவைக்கு வேறு நாள் ஒதுக்க வேண்டும், தவறினால் பல லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ஆணையிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியிருந்தது. ஆனால் வழக்குத் தொடர்ந்தவர் அவ்விரண்டில் எங்கும் செல்ல வேண்டியிருக்கவில்லை, தம் ஊரிலேயே மனுக் கொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளித்திருந்தது.